முகவரியும் குறுக்கீடும்: வன்பொருளைக் கெர்னல் அறியும் முறை

ஓர் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல், கணினியில் பொருத்தப்பட்ட எந்தச் சாதனத்தையும் இயக்குவதற்கு முன் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். சாதனத்தின் பதிவேடுகள் எந்த முகவரியில் பதிலளிக்கின்றன என்பது ஒன்று. சாதனம் செயலியை அழைக்கும்போது அந்த அழைப்பு எவ்வழியாக வந்து சேர்கிறது என்பது மற்றொன்று. முன்னதற்குப் பாட்டை முகவரி, அதாவது பஸ் முகவரி என்று பெயர். செயலி செய்துகொண்டிருக்கும் பணியை இடைமறிக்கும் பின்னதற்குக் குறுக்கீடு என்று பெயர். கெர்னலின் அமைவுக் கோப்புகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வரியில் அடுத்தடுத்து இடம்பெறுவதால், இவற்றை ஒரே சிக்கலின் இரு கூறுகளாகக் கொள்ளும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் முகவரி சாதனத்தைச் சார்ந்தது. குறுக்கீடோ, தனிக் கணினிகளில் நெடுங்காலம் பலகையில் ஓடும் கம்பியைச் சார்ந்திருந்தது. முன்னதற்கு விடை கிடைத்துச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பின்னதற்கு விடை கிடைத்ததற்கு இவ்வேறுபாடே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1970இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பிடிபி-11 கணினியோடு அறிமுகப்படுத்திய யூனிபஸ் என்னும் பாட்டையில், சாதனங்களின் பதிவேடுகள் நினைவகத்தைப் போலவே முகவரி பெற்றன. 18 பிட் முகவரி வெளியின் உச்சியிலுள்ள 8 கிலோபைட் பகுதி அவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. எந்தச் சாதனமும் இல்லாத முகவரியைச் செயலி அணுகினால், பதில் சமிக்ஞை வராமல் காலக்கெடு கடந்து பிழை எழும்; எனவே 'இங்கே ஒன்றுமில்லை' என்பதையும் கெர்னல் ஐயமின்றி அறிய முடிந்தது. குறுக்கிடும் சாதனமோ, தன்னைக் கவனிக்க வேண்டிய நிரல்பகுதியைச் சுட்டும் வெக்டர் எண்ணைத் தானே பாட்டையின் தரவுக் கம்பிகளில் எடுத்து வைத்தது.

இவ்விரு பண்புகளின் மேல்தான் பெர்க்லியில் உருவான பிஎஸ்டி யூனிக்ஸின் தானமைவு முறை எழுந்தது. வாக்ஸ் கணினிக்கான அமைவுக் கோப்பில் சாதனத்தின் பெயர், அது இணைந்துள்ள பாட்டை, அதன் கட்டுப்பாட்டுப் பதிவேட்டின் முகவரி, குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரல்பகுதியின் பெயர் ஆகியவை இருந்தன. வெக்டர் எண் மட்டும் இல்லை. அதைக் கெர்னல் சாதனத்தின் வாயிலிருந்தே வரவழைத்தது. குறித்த முகவரியைத் தொட்டால் பிழை எழுகிறதா என்று முதலில் பார்த்து, எழாவிட்டால் அச்சாதனத்தை வேண்டுமென்றே குறுக்கிடச் செய்து, வந்த வெக்டரைப் பிடித்துக்கொண்டது. வரி அச்சுப்பொறிக்கான இயக்கியில் இச்சோதனை மூன்றே செயல்களில் முடிந்துவிடுகிறது: குறுக்கீட்டு அனுமதிப் பிட்டை ஏற்றுதல், சில மைக்ரோநொடிகள் காத்தல், பிட்டை இறக்குதல். அதற்குள் வந்து சேர்ந்த வெக்டரும் முன்னுரிமை நிலையும், சோதனைச் செயற்கூறு தொடக்கத்திலேயே அறிவித்திருந்த இரு மாறிகளில், கம்பைலர் அவற்றுக்கு வாக்ஸ் செயலியின் 10, 11ஆம் பதிவேடுகளை ஒதுக்கும் என்ற நம்பிக்கையில், நேரடியாக விழுந்தன. சி மொழியின் எந்த விதியும் இந்த நம்பிக்கைக்கு உறுதி தரவில்லை. இருந்தும் இம்முறை வெற்றிபெற்றதற்குக் காரணம், கேட்டால் சொல்லும் பாட்டை கெர்னலுக்கு வாய்த்திருந்ததே.

1981இல் வந்த ஐபிஎம் தனிக் கணினியில் இவ்விரு பண்புகளும் இழக்கப்பட்டன. பிற்காலத்தில் ஐஎஸ்ஏ என அழைக்கப்பட்ட அதன் பாட்டையில், ஆளில்லாத துறையெண்ணை, அதாவது எந்தச் சாதனமும் இல்லாத பதிவேட்டு முகவரியைப் படித்தால் பிழை எழாது. பெரும்பாலும் எல்லாப் பிட்டுகளும் 1 ஆக அமைந்த ஓர் எண் வரும், அதே எண்ணை ஓர் உண்மையான சாதனமும் தரக்கூடும். முகவரிக் கம்பிகளில் 10 பிட்டுகளை மட்டுமே பெரும்பாலான அட்டைகள் கவனித்ததால், 1024 துறையெண்களுக்குள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொள்ள நேர்ந்தது. குறுக்கீடு இன்னும் மோசமான நிலையில் இருந்தது. சாதனம் தான் யாரென்று கூறாமல் ஒரு கம்பியை உயர்த்த மட்டுமே செய்தது. வெக்டரை அளித்தது 8259 என்னும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி. அத்தகைய கம்பிகள் முதலில் 8 இருந்தன. 1984இல் வந்த ஏடி கணினியில் இரண்டாவது கட்டுப்படுத்தி சேர்ந்து, பயன்படத்தக்கவை 15 ஆயின. மின்னழுத்தம் ஏறும் விளிம்பை மட்டுமே கட்டுப்படுத்தி உணர்ந்ததால், ஓர் அட்டை கம்பியை உயர்த்திப் பிடித்திருக்கையில் அதே கம்பியில் மற்றோர் அட்டை எழுப்பும் அழைப்பு புதிய விளிம்பை உண்டாக்காமல் மறைந்துபோகும். முதல் தொடர்த்துறையும் மூன்றாம் தொடர்த்துறையும் வழக்கப்படி 4ஆம் கம்பியையே பெற்றிருந்தமையால், ஒன்றில் சுட்டியையும் மற்றொன்றில் மோடத்தையும் பொருத்தியவர்கள் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த இயலாமல் தவித்தது இதன் விளைவே.

இத்தகைய பாட்டையில் பிஎஸ்டியின் சோதனை முறையைக் கையாளுவது ஆபத்தாக முடிந்தது. என்இ2000 வகை வலையமைப்பு அட்டை, பதினறும எண்ணில் 300 என்ற அடிப்படை முகவரியிலிருந்து 32 துறையெண்களைக் கொண்டது. அவற்றுள் கடைசியான 31எஃப் துறையைப் படிக்கும் செயலே அட்டையை மீளமைத்துவிடும். வேறொரு சாதனத்தைத் தேடி வரும் இயக்கி இப்பகுதியில் கைவைத்தால், அட்டையோ சில வேளைகளில் கணினி முழுவதுமோ உறைந்துவிடக்கூடும் என்பதால், குறித்த துறையெண்களைச் சோதிக்க வேண்டாம் என்று கெர்னலுக்கு உணர்த்தும் 'ரிசர்வ்' என்னும் தொடக்கக் கட்டளையை லினக்ஸ் வழங்கியது. குறுக்கீட்டுக் கம்பியைக் கண்டறிய, உரிமையாளரில்லாத கம்பிகள் அனைத்தையும் திறந்துவைத்துச் சாதனத்தைத் தூண்டி எது அசைகிறது என்று பார்க்கும் செயற்கூறுகளும் அதில் இருந்தன. அதே நொடியில் இரு கம்பிகள் அசைந்தால் முடிவு சொல்லாமல் அவை பின்வாங்கின. ஃப்ரீபிஎஸ்டியின் அமைவுக் கோப்பிலோ, வாக்ஸ் காலத்தில் தேவைப்படாத குறுக்கீட்டு எண்ணையும் மனிதரே எழுத வேண்டியதாயிற்று. அட்டையிலுள்ள ஜம்பர் ஊசிகளின் நிலையும் கோப்பிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்பதைச் சரிபார்க்கப் பாட்டை எந்த வழியும் தராதபோது, எவ்வளவு நுட்பமான கெர்னலும் ஊகிக்கவே முடியும். இக்காலத்துக் குளறுபடிகளை இயங்குதளங்களின் குறையாகக் கூறுவது பொருந்தாது, குறை பாட்டையினுடையது.

ஐபிஎம் 1987இல் கொணர்ந்த மைக்ரோ சேனலும், 1993இல் ஐஎஸ்ஏவுக்கென வகுக்கப்பட்ட பிளக் அண்ட் பிளே முறையும் இதைச் சரிசெய்ய முயன்றன. ஆயினும் நிலைத்த தீர்வு, 1992இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ பாட்டையினின்றே வந்தது. அதில் ஒவ்வொரு சாதனச் செயற்பாட்டுக்கும் 256 பைட் அமைவு வெளி உண்டு. பாட்டை எண், சாதன எண், செயற்பாட்டு எண் ஆகிய மூன்றால் அது சுட்டப்படுவதால், முகவரி ஒதுக்கப்படுவதற்கு முன்பே அதைப் படிக்க முடியும். ஆளில்லாத இடத்தைப் படித்தால் இங்கும் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவே வரும். ஆனால் அந்த எண் எந்தத் தயாரிப்பாளருக்கும் வழங்கப்படாது என்று விதி இருப்பதால், ஐஎஸ்ஏவில் பொருளற்றிருந்த அதே எண் இங்கே 'இல்லை' என்ற தெளிவான விடையாகிறது. தேவையான முகவரிப் பரப்பைச் சாதனமே கூறும் முறையும் நுட்பமானது. அடிப்படை முகவரிப் பதிவேட்டில் கெர்னல் எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக எழுதித் திரும்பப் படிக்கும்போது, மாற்றவியலாத கீழ்ப் பிட்டுகள் 0 ஆகவே நிற்கும். வகைக்குறிகளான கடைசி நான்கு பிட்டுகளை நீக்கிப் பார்க்கையில் கீழ் 12 பிட்டுகள் 0 எனில், சாதனத்துக்கு 4096 பைட் வேண்டும் என்பது பொருள். அளந்துகொண்டிருக்கும் அக்கணத்தில் பதிவேட்டில் உள்ளது பொய்யான முகவரி. ஆதலால் சாதனம் முகவரிகளுக்குப் பதிலளிப்பதை முன்னதாக நிறுத்திவைக்க வேண்டும்.

முகவரிச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தபோதும் குறுக்கீட்டுச் சிக்கல் தீரவில்லை. ஏ முதல் டி வரையிலான நான்கு இணைப்புகளுள் தன்னுடையது எது என்பதைப் பிசிஐ சாதனம் கூறும். அந்த இணைப்பு பலகையில் வளைந்து சென்று கட்டுப்படுத்தியின் எந்த உள்ளீட்டில் சேர்கிறது என்பதை அது அறியாது. அமைவு வெளியில் குறுக்கீட்டுக் கம்பி என்ற பெயரில் ஒரு பைட் இருந்தாலும், சாதனம் அதைப் பொருட்படுத்துவதில்லை. கணினியின் தொடக்க நிரல் எழுதிவைக்கும் குறிப்பு மட்டுமே அது. கம்பியின் போக்கு பலகையை வடிவமைத்தவருக்கே தெரியும் என்பதால், அதை அவர் அட்டவணையாக எழுதித் தரும் முறைகள் வரிசையாக வந்தன. 1996 இறுதியில் வெளியான ஏசிபிஐ வரையறையிலும் அதற்கெனத் தனி அட்டவணை உண்டு. பிசிஐயில் ஒரே கம்பியைப் பலர் பகிரலாம் என்பது பெரிய நிம்மதிதான். ஆனாலும் அழைப்பு வரும்போதெல்லாம் அக்கம்பியைப் பகிரும் இயக்கிகளை 'உன்னுடையதா?' என்று கேட்டுவர வேண்டியிருந்தது.

1998 இறுதியில் வெளியான பிசிஐ 2.2 வரையறையில் இடம்பெற்ற எம்எஸ்ஐ என்னும் செய்திவழிக் குறுக்கீடு இதை அடியோடு மாற்றியது. சாதனம் கம்பியை அசைப்பதற்குப் பதிலாக, கெர்னல் கொடுத்துவைத்த ஒரு முகவரியில், கெர்னல் கொடுத்துவைத்த ஓர் எண்ணை எழுதுகிறது. இன்டெல் வகைச் செயலிகளில் அவ்வெண் வெக்டரையே உள்ளடக்கியிருக்கிறது. இதனால் குறுக்கீடும் ஒரு முகவரியாகிவிட்டது. சாதனம் நினைவகத்தில் எழுதிய தரவும் பின்தொடரும் இச்செய்தியும் ஒரே பாதையில் வரிசை மாறாமல் செல்வதால், குறுக்கீடு முந்திக்கொண்டு தரவு பிந்தும் பழைய தொல்லையும் ஒழிந்தது. சாதனமே தன் வெக்டரைக் கூறும் யூனிபஸ் நெறிக்கு இது திரும்புதலே எனலாம். ஆனால் அங்கே சாதனத்தில் பதிந்திருந்த எண்ணைக் கெர்னல் கண்டறிந்தது. இங்கே கெர்னல் முடிவுசெய்யும் எண்ணைச் சாதனம் ஏற்கிறது.

இவ்வாதத்துக்கு எதிராக, கைப்பேசிகளிலும் சிறு பலகைகளிலும் அமைவுக் கோப்பு மீண்டும் வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஒரே சில்லுக்குள் பதிக்கப்பட்ட சாதனங்கள் தம்மை அறிவிப்பதில்லை; முதல் ராஸ்பெரி பையில் பதினறும எண் 20000000 இலிருந்து தொடங்கும் சாதனப் பகுதி, இரண்டாம் தலைமுறையில் 3எஃப்000000 இலிருந்து தொடங்குகிறது, இதைக் கெர்னலுக்கு யாரேனும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏஆர்எம் பலகை ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் குவிவதை 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டித்ததை அடுத்து, இச்செய்திகள் சாதன மரம் என்னும் தனித் தரவுக் கோப்புக்குப் பெரிதும் மாற்றப்பட்டன. பழைய கோப்பு கெர்னலோடு சேர்த்துத் தொகுக்கப்பட்டது. இதுவோ பலகையைச் சார்ந்து நிற்பதால் ஒரே கெர்னல் பல பலகைகளில் ஓடுகிறது. மேலும், முகவரிக்கும் குறுக்கீட்டுக்கும் இடையே தொடக்கத்தில் கூறிய வேறுபாட்டுக்கு இம்மரத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முகவரிகள் அதில் தாய்-சேய் உறவின் வழியே படிப்படியாக மொழிபெயர்க்கப்படுகின்றன. குறுக்கீடுகள் அவ்வுறவைப் பின்பற்றாமையால், 'இன்டரப்ட் பேரன்ட்' என்னும் பண்பைக் கொண்டு அவற்றுக்கெனத் தனியொரு மரம் அமைக்கப்படுகிறது. பிசிஐ பாலம் ஒன்றை விவரிக்கும் பகுதியில், பழைய நான்கு இணைப்புகளும் எங்கெங்கே சேர்கின்றன என்று வரிவரியாக ஓர் அட்டவணை நீள்கிறது. எம்எஸ்ஐக்கோ பெரும்பாலும் அச்செய்திகளைப் பெறும் கட்டுப்படுத்தியைக் காட்டும் ஒரே ஒரு சுட்டு போதுமானதாக இருக்கிறது.