ஒலியாத எழுத்தின் சாட்சியம்

ஆங்கிலம் பயிலும் நம் சிறார் பலர் கண்ணீர் சிந்துவது எழுத்துக்கூட்டலில்தான். கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் 'பி' என்ற எழுத்து ஒலிப்பதே இல்லை. ஆயினும் அதை விட்டெழுதினால் மதிப்பெண் குறைகிறது. ஏன் என வினவும் பிள்ளைக்கு, "மனப்பாடம் செய்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. வரலாறோ வேறு மறுமொழி தருகிறது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் அங்கு வெள்ளமெனப் புகுந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. அன்று அதில் 'பி' இல்லை. மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன் கற்றோர், இதன் மூலச்சொல் 'தேபித்தும்' என்பதை எண்ணி, அவ்வெழுத்தை ஏட்டில் சேர்த்தனர். மக்களின் நாவோ மாறவில்லை. ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' என்ற சொல்லும் 'துபித்தாரே' என்னும் இலத்தீன் மூலத்தைக் கருதி இவ்வாறே 'பி' பெற்றது.

கற்றோரும் சில வேளை சறுக்கினர். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' பழைய ஆங்கிலச் சொல். இலத்தீன் 'இன்சுலா'வின் வழிவந்த 'ஐல்' என்ற சொல்லுக்கு அதை உறவாக்கி, உரிமையில்லாத 'எஸ்' எழுத்தைப் புகுத்திவிட்டனர்.

எனவே, சொல்லைத் தனியே காட்டாமல் அதன் குடும்பத்தோடு காட்டுவதே நல்லாசிரியர் வழி. அடையாளத்தைக் குறிக்கும் 'சைன்' என்ற சொல்லில் மௌனமாயிருக்கும் 'ஜி', 'சிக்னல்', 'சிக்னேச்சர்' ஆகியவற்றில் வாய்திறக்கிறது. மூன்றுக்கும் மூலம் 'சிக்னும்' என்னும் இலத்தீன் சொல். அவ்வாறே 'டெட்' என்பதில் ஒலியாத 'பி', வங்கிக் கணக்கேட்டின் 'டெபிட்' என்பதில் ஒலிக்கிறது. உறவை உணர்ந்த பிள்ளை எழுத்தை எளிதில் மறவாது.

கடமையைக் குறிக்கும் 'டியூட்டி'யும் இக்குடும்பத்ததே. தமிழிலும் 'கடன்' என்னும் ஒரே சொல் திருப்பித் தரவேண்டியதையும் செய்யவேண்டியதையும் குறிக்கிறதன்றோ! ஆண்டவர் கற்பித்த செபத்தின் இலத்தீன் வடிவில், நாம் மன்னிக்குமாறு வேண்டுவதும் (மத். 6:12) இந்தத் 'தேபித்தும்' என்பதன் பன்மையையே. 1582-இல் ரீம்சு நகரில் கத்தோலிக்கர் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடும் அவ்விடத்தில் கடன் என்ற பொருளையே கொண்டது. பாவம் இறைவனுக்கு நாம் செலுத்தத் தவறிய அன்பு என்பதை அச்சொல் உணர்த்துகிறது.

ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்வதும் ஒரு கடனே. பெற்றோரும் ஆசிரியரும் அதைப் பிரம்பால் தீர்க்க இயலாது, பொறுமையால் தீர்க்கலாம்.