கடவுச்சொல் வந்த வழி

கணினிக் கடவுச்சொல்லின் வரலாறு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்குவதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1961இல் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு அங்கே சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செய்துகாட்டியது. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டதால், ஒருவரின் கோப்புகளில் இன்னொருவர் கைவைக்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் தேவைப்பட்டது.

பூட்டு வந்த வேகத்திலேயே உடைந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் நேர்ந்தது இன்னும் மோசம். இரண்டு கோப்புகள் இடம்மாறிப்போக, உள்நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக அந்தப் பட்டியலே தெரிந்தது. கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதிவைத்ததுதான் அடிப்படைப் பிழை.

யூனிக்ஸ் என்ற இயங்குதளம் அதைத் திருத்தியது. அதில் கடவுச்சொல்லை மீட்க முடியாத வடிவுக்கு மாற்றிய பின்பே சேமித்தார்கள். ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையை விளக்கியது. ஒரே சொல்லை இருவர் வைத்தாலும் சேமிப்பில் வேறுபடும்படி, 4,096 வகைகளில் ஒன்றாக அமையும் ஒரு எண்ணையும் அதனுடன் கலந்தார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் பெரும்பாலானவை மிகக் குறுகியவை, அல்லது அகராதியில் கிடைப்பவை. மனிதரின் இந்தப் பழக்கத்தை எந்தக் கணக்கீட்டாலும் மாற்ற முடியவில்லை.

ஆகவே காவல் கடவுச்சொல்லுக்கு வெளியே நகர்ந்தது. 2011இல் கூகுள், கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைத் தனிநபர் கணக்குகளுக்கும் திறந்துவிட்டது.