சுவருக்கும் ஒரு பேர் வேணும்: கிராஷ் டெஸ்ட் சேனல்களின் கதை

ஒரு கிராஷ் டெஸ்ட் எவ்வளவு நேரம் நடக்கும்னு நினைக்கிறீங்க? கார் சுவரைத் தொட்டதிலிருந்து முக்கியமான எல்லாமே ஏறத்தாழ 150 மில்லி செகண்டில் முடிஞ்சிரும். ஒரு தடவை கண் சிமிட்டுற நேரம். அதுக்கப்புறம் அந்தக் கார் காயலான் கடைக்குத்தான். மிஞ்சுவது வீடியோவும், காரிலும் டம்மியிலும் சுவரிலும் இருந்த சென்சார்கள் பதிவு செய்த எண்களும்தான். ஒவ்வொரு சென்சாரின் பதிவுக்கும் சேனல்னு பேர். எது தலை, எது முழங்கால்னு தெரியலைன்னா, அவ்வளவு செலவு பண்ணி உடைச்ச கார் வீண்.

இந்தப் பிரச்சினை ரொம்பப் பழசு. 1949-ல் கலிஃபோர்னியா பாலைவனத்தில், இன்று எட்வர்ட்ஸ் தளம்னு அழைக்கப்படும் இடத்தில், ஜான் ஸ்டாப் என்ற விமானப்படை டாக்டர் ராக்கெட் ஸ்லெட்டில் மனுஷ உடம்பின் தாங்கும் சக்தியைச் சோதிச்சிட்டிருந்தார். அங்கே எட்வர்ட் மர்ஃபி என்ற இன்ஜினியர் புது சென்சார்கள் கொண்டு வந்தார். ஓட்டம் முடிஞ்சு பார்த்தா ரீடிங் பூஜ்யம். எல்லா சென்சாரையும் தலைகீழா இணைச்சிருந்தாங்க. யார் தப்புங்கிறதுல ஆளுக்கொரு கதை சொல்வாங்க. ஆனா மர்ஃபி விதி பிறந்தது அங்கேதான். நாம ஜோக்கா சொல்ற ஒரு விதிக்குப் பின்னால் இருப்பது ஒரு வயரிங் குழப்பம்!

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எஸ்ஏஈ அமைப்பு ஜே211 என்ற வழிகாட்டியைக் கொண்டு வந்தது. எப்படி அளக்கணும், இரைச்சலை எந்த ஃபில்டரால் வடிகட்டணும்னு அது சொன்னது. தலைக்கு 1000, தொடை எலும்புக்கு 600, சுவரின் விசைக்கு 60 என்று ஃபில்டர் வகுப்புகள். ஏன் இவ்வளவு கறார்? ஒரே சிக்னலை வேற ஃபில்டரில் போட்டா உச்ச மதிப்பே மாறிடும். அதுவே இன்னொரு ரிசல்ட் ஆயிடும். திசைக்கும் ஒரு மரபு வந்தது: எக்ஸ் முன்னோக்கி, ஒய் வலப்பக்கம், இசட் கீழ்நோக்கி. ஆமா, கீழ்நோக்கி. கேம் எஞ்சின்ல வேலை பார்க்கிறவங்க இப்போ நெளிவீங்க.

எப்படி அளப்பதுன்னு முடிவாயிடுச்சு. அளந்ததை எந்தப் பேரில் எழுதி வைப்பதுன்னு முடிவாகலை. 1979-ல் அமெரிக்க அரசு என்கேப் சோதனையைத் தொடங்கி, மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் கார்களை அசையாத சுவரில் மோதவிட்டது. அந்தச் சோதனைகளில் பல, விசையை அளக்கும் லோட் செல்கள் பதிச்ச சுவரில் நடந்தன. 4 வரிசை, 9 நெடுவரிசை, மொத்தம் 36 செல். கார் எந்த இடத்தில் எவ்வளவு பலமா இடிக்குதுன்னு சுவரே சொல்லும். ஆனா இரண்டாவது வரிசையில் ஐந்தாவது செல்லை உங்க லேப் எப்படிக் கூப்பிடும்? மேலிருந்து எண்ணுமா, கீழிருந்தா? 1997-ல் ஐரோப்பாவில் யூரோ என்கேப் வந்தபோது சிக்கல் பெரிசாச்சு. பல நாட்டு லேப்கள், ஒரே நட்சத்திரப் பட்டியல். ஒருத்தர் தலைக்கு 'ஹெட்'னு எழுதினா, ஜெர்மன்காரர் 'கோப்ஃப்'னு எழுதலாம். இரண்டும் சரிதான், கம்ப்யூட்டருக்குத்தான் புரியாது.

இதுக்கான தீர்வு 2003-ல் ஐஎஸ்ஓ 13499 என்ற பேரில் வெளியாச்சு. துறைக்காரங்க எம்எம்ஈ ஃபார்மட்னு சொல்வாங்க. டேட்டா எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேடில் திறக்கலாம். என்னைக் கேட்டா இதுவே பெரிய புத்திசாலித்தனம். சாஃப்ட்வேர் கம்பெனி மூடிட்டாலும் டேட்டாவைப் படிக்க முடியும்.

அதில் ஒவ்வொரு சேனலுக்கும் சரியா 16 எழுத்தில் ஒரு பேர். ஒண்ணை வாய்விட்டுப் படிக்கிறேன்: ஒன்று, ஒன்று, எச்-ஈ-ஏ-டி, நாலு பூஜ்யம், எச்-3, ஏ-சி, எக்ஸ், ஏ. அதாவது முதல் வண்டி, டிரைவர் சீட், தலை, கூடுதல் விவரம் இல்லை, ஹைப்ரிட் 3 டம்மி, முடுக்கம், முன்பின் திசை, 1000 ஃபில்டர். நடுவில் அந்த நாலு பூஜ்யத்தைக் கவனிங்க. சொல்ல ஒண்ணுமில்லைன்னாலும் இடத்தை விடக் கூடாது. அப்போதான் பதிமூணாவது எழுத்து எப்பவும் பதிமூணாவதாவே இருக்கும்.

டம்மிக்கான இரண்டு எழுத்தைப் பாருங்க. எச்-3 என்பது நடுத்தர உடல்வாகு ஆண். எச்-எஃப் என்பது சிறிய உடல்வாகு பெண். அமெரிக்க விதி 208-ல் ஆண் டம்மியின் மார்பு 63 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம், பெண் டம்மிக்கு வரம்பு 52. ஒரு டெஸ்டில் 58 வந்திருக்குன்னு வச்சுக்கோங்க. அது பாஸா ஃபெயிலான்னு அந்த ஒரே ஒரு எழுத்துதான் சொல்லும்.

இப்போ சுவருக்கு வருவோம். பேரின் முதல் எழுத்து, அளவு யாருடையதுன்னு சொல்லுது. ஒன்று, இரண்டு என்றால் வண்டிகள். பேரியருக்குத் தனி எழுத்து. பேரியர்னா வெறும் கான்கிரீட்னு நினைச்சா இது அதிகப்படியா தெரியும். ஆனா 2020-ல் யூரோ என்கேப் அந்தச் சுவருக்குச் சக்கரம் கட்டிடுச்சு! 1400 கிலோ தள்ளுவண்டி, முகப்பில் அலுமினியத் தேன்கூடு. காரும் அதுவும் எதிரெதிரா தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பாதி அகலத்தில் மோதும். இரண்டுக்கும் 'முன்பக்கம்' உண்டு, ஆனா எதிரெதிர் திசையில். அப்போ எக்ஸ் என்றால் யாருடைய எக்ஸ்? முதல் எழுத்தைப் பார்க்காம சொல்லவே முடியாது.

அந்தத் தள்ளுவண்டி வெறும் எதிராளியும் இல்லை. எதிரே வரும் நடுத்தர அளவுக் காரின் இடத்தில் அது நிற்குது. அதில் இருக்கும் முடுக்கமானியின் பதிவிலிருந்து, அந்த எதிர்க் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு அடி விழுந்திருக்கும்னு ஓஎல்சி என்ற எண்ணைக் கணக்கிடுவாங்க. தேன்கூடு எந்த இடத்தில் எவ்வளவு நசுங்கியிருக்குன்னும் ஸ்கேன் பண்ணுவாங்க. எண் மோசமா இருந்தா, தன் பயணிகளைப் பத்திரமா காப்பாத்திய பெரிய எஸ்யூவிக்கும் மார்க் குறையும்.