பீட் நம்முடையது, பட்டா யார் பெயரில்?

2019இல் 'தெருக்குரல்' என்ற ஆல்பம் வெளிவந்தது. எழுதிப் பாடியவர் அரக்கோணத்துக்காரரான அறிவு. பீட் போட்டவர் ஆஃப்ரோ. ஆள் இரண்டே பேர். படம் இல்லை, ஹீரோ இல்லை. 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' போன்ற பாடல்கள் கைபேசி வழியாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்ட நாட்களில் இதே இருவரின் 'சண்ட செய்வோம்' மாணவர் கூட்டங்களில் ஒலித்தது.

இதை இரண்டு திறமைசாலிகளின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். திறமை நம் சேரிகளில் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. அந்தத் திறமையைப் பதிவு செய்யும் கருவி யார் கையில் இருந்தது, பதிவானது யார் பெயரில் எழுதப்பட்டது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி ஸ்டுடியோவில் பிறந்ததல்ல. நிலத்தில் பிறந்தது. அதனால் செங்கல்பட்டிலிருந்து தொடங்குவோம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுபவருக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் மனை கூடச் சொந்தமில்லை என்பதே அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள் மட்டுமே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமல்லபுரம் பக்கத்திலுள்ள காரணையின் பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

உழைப்பது ஒன்று, கையில் வைத்திருப்பது ஒன்று, காகிதத்தில் பெயர் இருப்பது இன்னொன்று. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேராதபடி பார்த்துக்கொள்வதே சாதியின் வேலை. காரணை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

குரலுக்கும் இதே கதைதான். இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அடுத்தவர் பத்திரிகைக்கு மனு எழுதிக் காத்திருக்காமல் தமக்கென்று ஒரு பத்திரிகையை உண்டாக்கிக்கொண்டார்கள். அன்று அச்சு இயந்திரம், இன்று லேப்டாப்.

கடல் தாண்டியும் இதே கதை நடந்திருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையனான டிஜே கூல் ஹெர்க், தங்கையின் விழாவுக்காக இரண்டு டர்ன்டேபிள்களை வைத்து, பாட்டில் டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஹிப்ஹாப் பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது இதைத்தான். 1980இல் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர். 808 என்ற டிரம் மெஷினை விட்டது. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 1983இல் உற்பத்தியே நின்றது. பழைய சாமான் கடைக்கு மலிவாக வந்த அந்த மெஷினைத்தான் கறுப்பின இளைஞர்கள் வாங்கினார்கள். இன்று நம் நெஞ்சில் அதிரும் பேஸ் ஒலிக்கு '808' என்றே பெயர்.

ஆனால் கருவி கைக்கு வந்ததும் நீதி வந்துவிடவில்லை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் ஒரு பாட்டில் கிரிகோரி கோல்மன் என்ற கறுப்பின டிரம்மர் தனியாக வாசித்த சில விநாடிகள், பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டன. உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட துண்டுகளில் அது ஒன்று. அதற்காக ஒரு காசு உரிமைத்தொகையும் பெறாமல் 2006இல் கோல்மன் இறந்துபோனார். வாசித்தவன் கை காலியாகவே இருந்தது. அந்த ஒலியை வைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

நம் ஊருக்கு வருவோம். தமிழில் பாட்டைப் பதிவு செய்வது என்றால் பல காலம் கோடம்பாக்கம்தான். மணிக்கணக்கில் வாடகை, பெரிய கூடம், உள்ளே நுழையச் சிபாரிசு. சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்த பறை, குத்துப்பாட்டுக்குத் தேவைப்படும்போது மட்டும் உள்ளே அழைக்கப்பட்டது. அடித்தவர் பெயர் ரெக்கார்டின் உறையில் ஏறுவது அபூர்வம். கானா பாடியவர்களும் ஒப்பாரி பாடிய நம் பாட்டிமார்களும் அந்தக் கூடத்துக்கு வெளியேதான் நின்றார்கள்.

இந்தப் பூட்டை உடைத்தது கணினி. இன்று ஓர் ஆல்பத்துக்கு வேண்டிய சாமான்கள் ஒரு பைக்குள் அடங்கும். லேப்டாப், அதில் எஃப்.எல். ஸ்டுடியோ அல்லது ஏபில்டன் போன்ற மென்பொருள், ஒரு கண்டென்சர் மைக், ஒரு மிடி கீபோர்டு, ஒரு ஹெட்போன். மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி. அது மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும். வரும் குரலை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக மாற்றும். எதிரொலியை அடக்கச் சுவரில் போர்வை தொங்கவிட்டால் போதும், படுக்கையறையே ஸ்டுடியோ. பறையில் அடிக்குச்சியின் ஓர் அடியைப் பதிந்து கீபோர்டின் ஒரு கட்டையில் ஏற்றிவிட்டால், அது எந்தப் பீட்டிலும் விழும்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. பறை, கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அந்தக் குழுவில் பாடியவர் அறிவு. அடுத்த ஆண்டே ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்'. கருவி எளிதானதும் இரண்டு பேர் ஓர் இயக்கத்தின் சத்தத்தை எழுப்ப முடிந்தது.

பிறகு 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. மஜ்ஜா நிறுவன வெளியீடு, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, பாடியவர்கள் தீயும் அறிவும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, திரும்பி வந்தும் நிலமற்று நின்ற தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எழுதினார். நிலமற்றவர்களின் பாட்டு உலகம் முழுக்கப் போனது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் அறிவு இல்லை. பா.ரஞ்சித் அதைப் பொதுவெளியில் கேட்டார். 2022 ஜூலை 28 அன்று மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தபோது இதே பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை.

எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாம் தானே என்று அறிவு சில நாட்களில் எழுதினார். மூவரின் கூட்டு உழைப்பு, வருமானத்திலும் மூவருக்கும் சமபங்கு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று அவரே காணொளியில் சொன்னார். நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தை வெளியிட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுத நாம் இங்கே வரவில்லை. நிலமற்றவர்களின் பாட்டுக்கே பட்டாத் தகராறு வந்தது என்பதைப் பார்க்கச் சொல்கிறோம். மாமல்லபுரக் கடற்கரையின் பெயரால் நடந்த விழா அது. காரணை அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை.

இளம் தோழர்கள் பீட் போடக் கற்றுக்கொள்ளும் அதே ஆர்வத்தோடு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் படிக்க வேண்டும். ஸ்வரம் எழுதத் தெரியாவிட்டாலும் மெட்டமைத்தவரே இசையமைப்பாளர் என்கிறது அந்தச் சட்டம். ஒலிப்பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே அதன் தயாரிப்பாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான் செல்லும். 2012 திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் தமக்குள்ள சமபங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. பாடியவர், வாசித்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதும் அதே திருத்தம் தந்த உரிமை.

எனவே ரெக்கார்டிங் முடிந்த அன்றே ஒரு தாளில் யார் எழுதியது, யார் மெட்டு, யார் பீட், யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். தேதியோடு இருக்கும் மென்பொருள் கோப்புகளை இரண்டு இடத்தில் சேமியுங்கள். அதுவும் ஓர் ஆவணம்தான். படிக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இந்த நியாயம் நமக்குள்ளும் செல்ல வேண்டும். ஒரு கிராமத்துப் பாட்டியின் ஒப்பாரியைக் கைபேசியில் பதிந்து பீட்டில் ஏற்றினால் அவர் பெயரை முதலில் போடுங்கள், பங்கையும் கொடுங்கள். பறை அடித்தவருக்கு அன்றைய கூலி மட்டும் கொடுத்து அனுப்பினால், நாமும் பண்ணையார் வேலையைத்தான் செய்கிறோம். கருவியை வாங்கப் பணம் சேர்த்தால் போதும். பெயரை எழுத வைக்கச் சங்கமாகச் சேர வேண்டும்.

ஜெய் பீம்.