சரிவுநில உழவும் மண்ணரிப்பும்

சாய்வான விளைநிலத்தின் மேல்மண் எவ்வளவு நிலைக்கும், எவ்வளவு நீரோடு போகும் என்பதை மழையோடும் சரிவோடும் சேர்ந்து தீர்மானிப்பவை கலப்பை செல்லும் திசையும், அது இறங்கும் ஆழமும், உழும் பருவமும் ஆகும். மேலிருந்து கீழாக உழுத நிலத்தில் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வாய்க்காலாகிவிடுகிறது. புழுதியாய்க் கிடக்கும் மண்ணின்மேல் பெருமழை இறங்கும்போது, துளிகளின் அடியால் சிதைந்த நுண்மண் நிலத்தின் துவாரங்களை அடைத்துக்கொள்ள, உள்ளே இறங்க வழியற்ற நீர் அச்சால்களில் கூடி, வேகம் பெற்று, சத்துள்ள பொடிமண்ணையும் இட்ட எருவையும் வாரிக்கொண்டு, சரளையை மட்டும் மேட்டில் விட்டுச் செல்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுத நிலத்திலோ ஒவ்வொரு சாலும் நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறது. மழையின்றியும் மண் நகர்வதுண்டு; கலப்பை இறங்குமுகத்தில் தள்ளும் மண், ஏறுமுகத்தில் மேலேற்றும் மண்ணைவிட அதிகமாதலின், நெடுங்கால உழவில் முகடு மெலிந்து அடிவரப்பில் மண் குவிகிறது. மண்ணைக் கீறுவதன்றி முழுதும் புரட்டாத நாட்டுக்கலப்பையால் இச்சேதம் குறைவு. ஆழ உழுது புரட்டும் சட்டிக்கலப்பையால் மிகுதி.

இவ்வாறு போகும் மண் எங்கே சேர்கிறது என்பதற்குக் காஞ்சிபுரப் பிரதேசமே தக்க சாட்சி. காஞ்சி நகரைச் சூழ்ந்திருப்பது ஏரிப்பாசன நாடு. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் பெயரால் 7ஆம் நூற்றாண்டில் கூரத்தில் அமைந்த பரமேசுவர தடாகம் அந்நாட்டின் பழமைக்குச் சான்று. மேட்டாங்காட்டு உழவில் கலைந்த மண் ஏரியில் படிந்து தூராகும் என்பதைப் பழங்காலத்தார் நன்கறிந்திருந்தனர். அப்பகுதியின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரிகளைப் பேணும் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க விதி வகுக்கின்றன. கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிக்கும் வழக்கம், போன மண்ணில் ஒரு பகுதியையேனும் மீட்டுத் தந்தது. ஆயினும் மீண்டது வந்த மேட்டுக்கன்று, பெரும்பாலும் ஏரிக்கருகிலுள்ள நஞ்சைக்கே என்பதை மறக்கலாகாது.

சேதத்தின் உக்கிரம் வெளிப்பட்டது நீலகிரியில். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாக அங்கு வந்த உருளைக்கிழங்கு, வேரில் நீர் தேங்கினால் அழுகும் பயிர்; ஆதலால் குடியானவர்கள் நீர் வடியும் பொருட்டுப் பாத்திகளைச் சரிவின் போக்கிலேயே அமைத்தனர். அது அறியாமையன்று, பயிரைக் காக்கும் உபாயமே. ஆனால் அதற்கு விலையாகப் போனது மலையின் மேல்மண். கிழங்கு தோண்டும்போது நிலம் மறுபடியும் கிளறப்படுவதும் அரிப்புக்குத் துணையாயிற்று. 1954இல் உதகமண்டலத்தில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்று, சற்றே உட்சாய்வும் ஓரத்தில் வடிகாலும் உடைய படிமட்ட வயல்களே அங்கு ஏற்றவை எனப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே 1949இல் சென்னை அரசு சமமட்ட வரப்புகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது.

எந்தச் சரிவுக்கு எந்த முறை பொருந்தும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் விடை தருகிறது. அங்கு 1930களின் புழுதிப்புயல்கள் 1935இல் மண்பாதுகாப்புப் பணித்துறையைத் தோற்றுவித்தன. அந்நாட்டு ஆராய்ச்சியாளர் வகுத்த கணக்கின்படி, 3 முதல் 8 விழுக்காடு சரிவில் குறுக்குழவு மட்டுமே மண்ணிழப்பைப் பாதியாக்கும். 20 விழுக்காட்டை நெருங்கினாலோ அது தடுக்கும் இழப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நீலகிரிக்குப் படிகளும், காஞ்சிபுரப் பகுதி மேட்டாங்காடுகளுக்குக் குறுக்குழவும் பொருந்துவதன் காரணம் இதுவே. பின்னவற்றில் வரப்போரம் வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ நட்டால் பயன் இன்னும் பெருகும்.

2017இல் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில், ஊரார் பங்கேற்புடன் ஏரிகளைப் பராமரிக்கும் குடிமராமத்துத் திட்டம் புத்துயிர் பெற்றது. ஏரிகள் தூர் வாரப்பட்டு, வண்டல் உழவர்க்கு அளிக்கப்பட்டது. போற்றத்தக்க பணிதான். எனினும் மேட்டு நிலங்களில் டிராக்டர் இன்றும் சரிவின் போக்கிலேயே ஓடுமாயின், வாரிய தூர் சில ஆண்டுகளில் திரும்பவும் சேரும். ஏரியை மட்டும் பார்த்து, அதற்கு நீர் தரும் மேட்டாங்காட்டின் உழவைப் பாராத திட்டம் பாதித் திட்டமே.