கரடிகளுக்குப் போர்த்திய கொடி

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவிலிருந்து பரீட்சைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு இன்றைக்கும் ஏகப்பட்ட எச்சரிக்கைகள்: பூனை குறுக்கே போனால் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போ, யார் கேட்டாலும் நன்றாகப் படித்திருக்கிறேன் என்று சொல்லாதே. அந்த அம்மாக்களை நான் கேலி செய்யவில்லை. லண்டனுக்கு அருகே ராயல் ஹாலோவே கல்லூரியில் பரீட்சை நாளன்று ஓர் ஓவியத்தையே மூடிவைக்கிறார்கள்.

எட்வின் லாண்ட்சீர் 1864இல் வரைந்த ஓவியம் அது. பனிக்கடலில் இரண்டு துருவக் கரடிகள். ஒன்று கப்பல் கொடியைக் கிழிக்கிறது, மற்றது மனித விலா எலும்பைக் கடிக்கிறது. நாமொன்று நினைக்கத் தெய்வமொன்று நினைக்கும் என்று நாம் சொல்வதுதான் அதன் தலைப்பும்.

1845இல் வடமேற்குக் கடல்வழி தேடி இரண்டு கப்பல்களில் போன ஜான் ஃபிராங்க்ளினும் அவருடைய ஆட்களுமாக 129 பேர் திரும்பவேயில்லை. அவர் மனைவி ஜேன் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. பணம் திரட்டினார், அரசாங்கத்தை விடாமல் நச்சரித்தார், 1857இல் ஃபாக்ஸ் என்ற கப்பலைத் தானே வாங்கி அனுப்பினார். கணவர் இறந்ததை உறுதிப்படுத்தும் எழுத்து அந்தக் கப்பல் மூலம்தான் கிடைத்தது. ஆனால் பட்டினியில் மாலுமிகள் பிணத்தைத் தின்றார்கள் என்று இனுயிட் மக்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. எழுத்தாளர் டிக்கன்ஸ் அந்த மக்களையே பழித்து எழுதினார். பிற்பாடு எலும்புகளில் கிடைத்த கத்திக்கீறல்கள் இனுயிட்கள் சொன்னதே சரி என்று காட்டின. ஜேனின் துணிச்சலைப் பாராட்டும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். லாண்ட்சீரின் கரடிகளும் அவருக்கு ஆத்திரமூட்டின.

மாத்திரை விற்றுக் கோடீஸ்வரரான தாமஸ் ஹாலோவே 1881இல் அதை வாங்கினார். இறந்துபோன மனைவியின் நினைவாகப் பெண்களுக்குக் கட்டிய கல்லூரியில் மாட்டுவதற்கு. (அந்த அம்மாவின் பெயரும் ஜேன்தான்.) 1886இல் கல்லூரி திறந்தது. ஓவியக்கூடமே பரீட்சைக்கூடமும் ஆனது.

பிறகு ஒரு கதை கிளம்பியது. கரடிகளைப் பார்த்துப் புத்தி பேதலித்த மாணவி பென்சிலைக் கண்ணில் குத்திக்கொண்டு செத்தாளாம். அப்படி ஒரு சாவு கல்லூரிப் பதிவேட்டில் இல்லை. பெண்கள் ஆண்களைப்போலப் படித்தால் உடம்பும் மனசும் கெடும் என்று லண்டன் மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1874இலேயே எழுதியிருந்தார். எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் அதற்குப் பதிலடியும் கொடுத்தார். பனியில் வழிதப்பியவர்கள் 129 ஆண்கள். கதையில் பைத்தியமானவளோ பரீட்சை எழுத வந்த பெண்!

1970களில் ஒரு மாணவர் ஓவியத்தின் பக்கத்தில் உட்கார மறுத்துவிட, கைக்குக் கிடைத்த பெரிய துணியை எடுத்துப் போர்த்தினார்களாம். அது பிரிட்டிஷ் கொடி. பரீட்சை நாட்களில் இன்றும் அதே வழக்கம்தான். உள்ளே கரடி இன்னொரு கொடியைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.