கோடுகளுக்கு இடையே உள்ள உறவு: ஸ்கெட்ச்பேட் முதல் பாராமெட்ரிக் வரைவு வரை

பொறியாளரின் மேசைக்குக் கணினி வந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே படித்திருக்கிறோம். டி-ஸ்கொயரும் டிரேசிங் பேப்பரும் போய்த் திரை வந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது என்பதோடு பாடம் நின்றுவிடும். இக்கட்டுரை வேறோர் இழையைப் பிடித்துச் செல்கிறது. வரைந்த கோடுகளுக்கு இடையே உள்ள உறவையும் கணினி அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் 1963இலேயே செயலில் காட்டப்பட்டுவிட்டது. ஆனால் சாதாரண அலுவலக மேசைக்கு அது வந்து சேர முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன. வன்பொருளின் விலை அதைத் தடுத்தது. விலை இறங்கியபோது முதலில் கைக்கு வந்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு வந்த மென்பொருள்தான் என்பது என் வாதம்.

டி.எக்ஸ்-2 அறையில்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்த ஐவன் சதர்லாண்ட் 1963 சனவரியில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். நெறியாளர், தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன். ஆய்வின் பொருள் ஸ்கெட்ச்பேட் என்ற நிரல். அது லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டி.எக்ஸ்-2 என்ற பெரிய கணினியில் இயங்கியது. அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், ஒருவர் திரைக்கு முன் அமர்ந்து, வலக்கையில் ஒளிப்பேனாவும் இடக்கைக்கு எட்டும் பொத்தான்களுமாகக் கணினியுடன் நேரடியாக வேலை செய்தார்.

ஒளிப்பேனா என்ற பெயரைக் கேட்டால் அது ஒளியை உமிழும் கருவி என்று தோன்றும். உண்மையில் அது ஒளியைப் பார்க்கும் கருவி. திரை தன் படத்தைப் புள்ளி புள்ளியாக, ஒன்றன்பின் ஒன்றாக இடுகிறது. பேனாவின் நுனியில் உள்ள ஒளியுணரி தனக்கு நேரே ஒரு புள்ளி மின்னும் கணத்தில் கணினிக்குச் சைகை தருகிறது. அந்தக் கணத்தில் தான் இட்ட புள்ளி எது என்பது கணினிக்குத் தெரியும். பேனா இருக்கும் இடம் அதிலிருந்து கிடைத்துவிடுகிறது. பேனாவைப் பின்தொடர்ந்து ஒரு சிறு சிலுவைக்குறி திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஸ்கெட்ச்பேடில் அறுகோணம் வரையும் முறையைப் பார்த்தால் இக்கட்டுரையின் மையம் விளங்கும். முதலில் கோணல்மாணலாக ஆறு பக்கங்கள் கொண்ட ஓர் உருவம் வரைகிறோம். பிறகு ஒரு வட்டம் போட்டு, ஆறு முனைகளும் அதன்மேல் இருக்க வேண்டும் என்கிறோம். அடுத்து, ஆறு பக்கங்களும் சம நீளம் என்ற நிபந்தனையை விதிக்கிறோம். கணினி பிழையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர, நம் கண்முன்னே கோணல் நிமிர்ந்து ஒழுங்கான அறுகோணம் ஆகிறது. வட்டத்தை அழித்துவிடலாம். வரைந்தவர் அளவெடுக்கவில்லை, எது எதற்குச் சமம், எது எதன்மேல் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஆய்வேட்டில் பாலம் ஒன்றும் உண்டு. சட்டங்கள் இணைந்த பாலத்தை வரைந்து சுமையை ஏற்றினால், ஒவ்வோர் உறுப்பிலும் எவ்வளவு விசை என்பது எண்ணாகத் திரையில் தெரியும். வரைபடமும் கணக்கும் ஒரே பொருளாயின. பொறியியல் வரைவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பத்தை நான் காணவில்லை.

விலை என்ற சுவர்

ஆனால் இதற்கு ஒரு முழுக் கணினியை ஒரே ஆள் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரையில் தோன்றும் படம் நொடிக்குள் மங்கிவிடும். கணினி அதை ஓயாமல் திரும்பத் திரும்ப இட்டாக வேண்டும். ஆகவே 1960களில் இத்துறை பெருநிறுவனங்களின் மதில்களுக்குள்தான் வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து உருவாக்கிய டாக்-1 என்ற வரைவு அமைப்பு 1964இல் பொதுவில் காட்டப்பட்டது. பிரான்சில் ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே கார் உடலின் வளைவுகளுக்குக் கணித வடிவம் தந்தார். அவருக்கு முன்பே அதே வழியைக் கண்ட சித்ரோயன் நிறுவனத்தின் பால் த காஸ்தெல்ஜோவின் பணியை அந்நிறுவனம் வெளியிடாமல் வைத்திருந்தது.

நகரத் திட்டமிடுவோரிடம் அந்தத் திரைகூட இல்லை. கட்டடக் கலைஞரான ஹோவர்ட் ஃபிஷர் 1965இல் ஹார்வர்டில் கணினி வரைபட ஆய்வகத்தைத் தொடங்கினார். அங்கு வளர்ந்த சைமேப் நிரல், எழுத்துகளை மட்டுமே அச்சிடத் தெரிந்த வரி அச்சுப்பொறியில் நிலப்படம் வரைந்தது. மக்கள் நெருக்கமான பகுதி கறுப்பாகத் தெரிய வேண்டுமா? ஒரே இடத்தில் எழுத்தின்மேல் எழுத்தாகப் பலமுறை அடித்தார்கள். ஆய்வகத்தில் பணியாற்றிய ஜாக் டேஞ்சர்மண்ட் 1969இல் நிறுவியதுதான் எஸ்ரி நிறுவனம். அதன் நிலப்பட மென்பொருளான ஆர்க்/இன்ஃபோ 1982இல் வந்தது.

சுவரில் முதல் விரிசலை உண்டாக்கியது ஒரு படக்குழாய். டெக்ட்ரானிக்ஸ் 1972இல் கொண்டுவந்த 4010 முனையத்தின் திரை, ஒருமுறை வரைந்த கோட்டைத் தானே பிடித்துவைத்துக்கொண்டது. கணினி அதை மீண்டும் மீண்டும் இட வேண்டியதில்லை. விலை ஏறத்தாழ 4000 டாலர். குறை ஒன்று இருந்தது: ஒரே ஒரு கோட்டை அழிக்க வேண்டுமென்றாலும் திரை முழுதும் பச்சையாகப் பளிச்சிட்டு வெறுமையாகி, எல்லாக் கோடுகளும் முதலிலிருந்து வரையப்பட வேண்டும். இழுத்தால் நகரும், நிபந்தனை சொன்னால் நிமிரும் படத்துக்கு இத்திரையில் இடமில்லை. மலிவுக்காக ஸ்கெட்ச்பேடின் உயிரோட்டம் முதன்முதலில் பலியானது இங்குதான்.

ஆயிரம் டாலர் மென்பொருள்

ஐ.பி.எம். பி.சி. 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. 1982 சனவரியில் ஜான் வாக்கரும் நண்பர்களும் கலிபோர்னியாவில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைக் ரிடில் எழுதியிருந்த இன்டராக்ட் என்ற நிரலே அவர்களது ஆட்டோகேடின் அடிப்படை. அந்த நவம்பரில் லாஸ் வேகஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் காட்டி, டிசம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். விலை சுமார் 1000 டாலர். அன்றைய முழுமையான வரைவு அமைப்புகளுக்கு ஓர் இருக்கைக்கே லட்சம் டாலரை ஒட்டிச் செலவானது.

பி.சி.யின் தாய்ப்பலகையில் இன்டெல் 8088 செயலிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கெட் காலியாக இருக்கும். பலர் அது எதற்கு என்றே கேட்டதில்லை. அது 8087 என்ற கணிதத் துணைச் செயலிக்கான இடம். ஒரு கோட்டைச் சுழற்ற, பெரிதாக்க, வளைவை வரைய எல்லாம் தசமக் கணக்கு வேண்டும். 8088 அதை முழு எண்களைக் கொண்டு சுற்றிவளைத்துச் செய்யும். 8087 நேரடியாகச் செய்துவிடும். 1987இல் வந்த ஆட்டோகேட் ஒன்பதாம் வெளியீட்டுக்கு அந்தச் சில்லு கட்டாயமாயிற்று. காலிச் சாக்கெட்டில் ஒரு சில்லைப் பொருத்தினால் பி.சி. வரைவு மேசையாகிவிடும் என்ற நிலை அப்படி வந்தது.

இதற்குக் கொடுத்த விலையையும் ஆய்வாளர் பதிவு செய்ய வேண்டும். அன்றைய ஆட்டோகேடில் கோடு என்பது இரண்டு முனைகளின் ஆயத்தொலைவுகள், அவ்வளவே. பக்கத்துக் கோட்டை அது அறியாது. ஸ்கெட்ச்பேடில் இருந்த, ஒரு சின்னத்தை ஒருமுறை வரைந்து பல இடங்களில் வைக்கும் வசதி ‘பிளாக்’ என்ற பெயரில் பிழைத்துக்கொண்டது. நிபந்தனை பிழைக்கவில்லை. 1986இல் வந்த ஆட்டோலிஸ்ப் ஓரளவு ஈடு செய்தது. அகலமும் உயரமும் கேட்டு ஜன்னலை வரைந்து தரும் சிறு நிரல்களைப் பொறியாளர்களே எழுதிக்கொள்ள முடிந்தது. ஆனாலும் வரைந்து முடித்த பிறகு அதுவும் வெறும் கோடுதான்.

எண்ணம் திரும்பி வந்த வழி

நிபந்தனை என்ற எண்ணம் திரும்பி வந்தது, வொர்க்ஸ்டேஷன் எனப்பட்ட வலிமையான மேசைக் கணினி வழியாக. 1980களின் தொடக்கத்தில் சிலிக்கான் கிராபிக்ஸைத் தொடங்கிய ஜிம் கிளார்க், முப்பரிமாணப் புள்ளிகளைத் திருப்பவும் நகர்த்தவும் தேவையான அணிக் கணக்கை ஜியாமெட்ரி எஞ்சின் என்ற தனிச் சில்லில் அடக்கினார். லெனின்கிராடிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கணிதவியலாளர் சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1985இல் பி.டி.சி. நிறுவனத்தை அமைத்தார். 1980களின் இறுதியில் அது வெளியிட்ட ப்ரோ/எஞ்சினியர் மென்பொருளில் ஒரு துளையின் விட்டத்தை மாற்றினால் உருவமும் மாறும், அதன் வரைபடமும் மாறும். கால் நூற்றாண்டுக்கு முந்தைய அறுகோணம் திண்ம வடிவில் மீண்டு வந்தது என்பேன்.

பெரிய நிறுவனங்கள் அக்காலத்தில் பணத்தாலேயே வன்பொருள் தடையைத் தாண்டின. 1994 ஜூனில் முதலில் பறந்த போயிங் 777, கேட்டியா மென்பொருளில் முழுமையாக வடிவமைக்கப்பட்டது. எட்டு ஐ.பி.எம். பெருங்கணினிகளோடு 2,200க்கும் மேற்பட்ட முனையங்கள் இணைக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே, 1995இல், சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸ் பி.சி.யில் நிபந்தனைவழி (பாராமெட்ரிக்) வடிவமைப்பைத் தந்துவிட்டது.

கட்டடத் துறை இன்னும் பின்தங்கியது. சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1970களின் நடுவிலேயே கட்டடத்தைத் தரவாக விவரிக்கும் அமைப்பை முன்வைத்திருந்தார். பி.டி.சி.யில் பணியாற்றிய லியோனிட் ரைஸும் இர்வின் ஜங்ரைஸும் 1997இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்துதான் 2000இல் ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள் வந்தது. 2002இல் அதை ஆட்டோடெஸ்க் வாங்கியது. அதில் சுவரை நகர்த்தினால் கதவும் கூடவே போகும்; பிளானும் செக்‌ஷனும் எலிவேஷனும் தாமே திருந்தும்.

ஆட்டோகேடுக்கு நிபந்தனைகள் வந்தது 2010 பதிப்பில். அது வெளியானது 2009இல். சதர்லாண்டின் ஆய்வேட்டுக்கும் அதற்கும் இடையே 46 ஆண்டுகள்.

நம் ஊர்ச் சிறு கட்டட அலுவலகங்களில் ஒரு தூணை ஒன்பது அங்குலம் நகர்த்தச் சொன்னால், பிளானில் ஒருமுறை, செக்‌ஷனில் ஒருமுறை, எலிவேஷனில் ஒருமுறை என்று தனித்தனியாகத் திருத்துவதை இன்றும் பார்க்கிறேன். ஒன்றில் திருத்த மறந்தால் அந்தப் பிழை சைட்டில் கம்பி கட்டும்போதுதான் தெரியவரும். பாலிடெக்னிக்கில் ஆட்டோகேட் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘லைன்’, ‘ஆஃப்செட்’, ‘டிரிம்’ முடிந்ததும் பாராமெட்ரிக் டேபைத் திறந்து, கோணலான ஆறு பக்க உருவம் ஒன்றை வரையச் சொல்லி, அதை நிபந்தனைகளால் மட்டுமே நிமிர்த்தும் பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுங்கள்.